பச்சை இலை போட்ட டப்பா

“இதையா எடுத்தே? வை கீழே!”

புதிதாக வந்தவள் திடுக்கிட்டு, கையிலிருந்த டப்பாவைச் சமையல் மேடையில் வைத்தாள். மூடியில் பச்சை இலை ஒன்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் ‘பூமியைக் காப்போம்’ என்று வேறு எழுதியிருந்தது.

“மூங்கில்ல செஞ்சதுன்னு சொன்னாரே அக்கா?”

“சொல்லுவாரு. மூங்கில் தூளைப் பிளாஸ்டிக் பசையில குழைச்சு அச்சுல போட்டா அது மூங்கிலா? சூடா சாதத்தை வச்சா மூக்கைப் பிடிச்சுக்கணும். அவரு வாங்கிட்டு வர்றது எல்லாமே இப்படித்தான். மேலே மினுக்கு, உள்ளே ஒண்ணுமில்லை.”

பிள்ளைகளின் அம்மா இதை டப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

“போன மாசம் ஒரு வாரம் நான் இங்க இல்லை. அவருதான் இதுல கட்டிக் கொடுத்திருக்காரு. நாத்தம் தாங்காம சின்னவ நாலு நாளா வாயிலயே வைக்கலை. பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்துட்டா.”

“ஐயோ!”

“ஐயோன்னு சொன்னா பிள்ளை வயிறு நிறையுமா? கையைக் கழுவிட்டு வா.”

அலமாரியிலிருந்து இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் வந்தன. புதிதாக வந்தவள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு சாதத்தை அள்ளினாள். அள்ளிய அவசரத்தில் பாதி மேடையில் சிந்தியது.

“நல்லா வாரி இறை! காயில தண்ணி நிக்குது பாரு, வடிச்சுட்டு வை. சாதத்துல ஈரம் பட்டா பெரியவன் தொடவே மாட்டான். ஏய், சூட்டோட மூடாதே! உள்ளே வேர்த்துக் கொட்டும்.”

“சரிக்கா.”

“சின்னவ டப்பாவை இறுக்கி மூடிடாதே. ஒத்தை விரல்ல திறக்கணும். திறக்க வரலைன்னா டீச்சர்கிட்ட கேக்க வெக்கப்பட்டுக்கிட்டுப் பட்டினி கிடப்பா, அழுத்தக்காரி. இதுக்கு முன்னாடி குழந்தைங்களுக்குக் கட்டிக் கொடுத்துப் பழக்கம் இருக்கா?”

“இல்லக்கா.”

“அதான் பார்த்தாலே தெரியுதே. எதைப் பார்த்துத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தாரோ!”

டப்பாவைச் சுற்றுவதற்குப் பழைய பருத்தித் துணி இருந்தது. புதிதாக வந்தவள் சுற்றி முடிச்சுப் போட்டாள். அம்மாக்காரி அதைப் பிரித்து வீசினாள்.

“என்ன, சலவைக்குப் போடற மூட்டையா இது? மறுபடி கட்டு.”

அவள் மறுபடி கட்டினாள். அதுவும் பிரிக்கப்பட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அம்மாக்காரி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அழுகிறவர்களைத் தேற்றும் எண்ணமெல்லாம் அவளுக்கு அன்று அறவே இல்லை. புதிதாக வந்தவள் மூன்றாவது முறையாகக் கட்டினாள்.

“உம். இப்ப ஏதோ டப்பா மாதிரி இருக்கு. நாளைக்கும் இதே மாதிரி கட்டணும். சின்னவ பசி தாங்க மாட்டா. புரியுதா?”

“புரியுதுக்கா.”

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பெரியவன் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். சின்னவளை அம்மா கட்டிக்கொண்டு விடவேயில்லை.

“விடும்மா, வேன் போயிடும்!” என்று திமிறிக்கொண்டு அவளும் ஓடினாள்.

வேன் தெருமுனை திரும்பியதும், அம்மாக்காரி உள்ளே போய்த் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க அக்கா. நான் பார்த்துக்கறேன்.”

“இனிமே திரும்பி வர்றது எங்கே? பிள்ளைங்க அப்பாகிட்டயே இருக்கட்டும்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க” என்று செருப்பை மாட்டினாள் அவள். “என் புருஷனைக் கவனிச்சுக்கிட்டதுல பாதியாவது என் பிள்ளைங்களைக் கவனி.”