நடிக்க வந்த கட்சிக்காரி

மேசைக்கு இந்தப் பக்கம் சட்டக் கல்லூரி மாணவி மமதா. அந்தப் பக்கம் அவளுடைய எதிர்வீட்டு சௌந்தரம், கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற பச்சைப் பட்டில். தேர்வில் இனிமேல் மனப்பாடத்துக்கு மார்க் கிடையாதாம். கட்சிக்காரர் சொல்வதை எப்படிக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்பதற்குத்தான் மார்க்காம். கட்சிக்காரருக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டதாக நடித்தால் போதுமென்று ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வழியெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிவந்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேடு வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. மின்விசிறி முனகுகிறது. ஓரமாக உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் பேனாவைத் திறக்கிறார்.

“சொல்லுங்க, உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்கிறாள் மமதா.

“செவுரு கெடக்குது கண்ணு. என் கொழுந்தன், நான் இருக்குற வூட்டைத் தன் பேருக்கு மாத்திக்கினான். ஞாயித்துக்கெழமக்குள்ள காலி பண்ணணுமாம். நான் எங்க போறது?”

தெருவில் யாருக்கும் தெரியாத சங்கதி; அந்தத் தெருவில் அப்படி ஒன்று இருந்ததே அதிசயம். சௌந்தரத்தின் விரலில் முந்தானை நுனி முறுக்கேறுகிறது. குறுக்கே பேசக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, பொறுமையாகத் தலையாட்ட வேண்டும் என்பது பாடம். மமதா தலையாட்டுகிறாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். “இன்னாமா நடிக்கிறாங்க. அடுத்த வருஷமும் இவங்களையே கூட்டிட்டு வாம்மா” என்று முழு மார்க்கையும் போடுகிறார்.

சௌந்தரம் மேசைமேல் குனிந்து கிசுகிசுக்கிறாள். “ஐயா எழுதிக்கினாரு பாத்தியா. இனிமே அவன் வாசல்ல வந்து நிக்க மாட்டான் இல்ல?”

மமதாவின் தலை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.