யாழிசைக்கு அஞ்சு போதும்

"பூஜ்ஜியத்தைக் கண்டுபிடித்த பிறகு கணிதத்தில் மனிதகுலம் எடுத்து வைக்கும் அடுத்த அடி இதுதான்" என்று பெற்றோர் கூட்டத்தில் முழங்கினார் பள்ளியின் தாளாளர் தணிகாசலம். வேறொன்றுமில்லை. பிள்ளைகள் வளர்ந்து என்ன வேலைக்குப் போவார்கள் என்று இயந்திரம் கணித்துச் சொல்லிவிடும். அந்த வேலைக்கு வேண்டிய எண் வரைக்கும்தான் இனி அவர்களுக்கு எண்கோடும் சார்ட்டும். மிச்சமெல்லாம் வீண் சுமை.

யாழிசையின் எண்கோடு ஐந்தோடு நின்றது. அவள் அம்மா நிரோஷா எழுந்தாள்.

"ஏன் சார் அஞ்சோட நிக்குது?"

"உங்க பொண்ணு வீட்டு வேலைக்குப் போவாம்மா. அஞ்சு வீடு."

"நானே எட்டு வீட்டுல செய்யறேன் சார். எட்டு வரைக்குமாவது போட்டுக் குடுங்க."

"எட்டு அஞ்சா குறைஞ்சிருக்கே, இதுக்குப் பேர்தாம்மா முன்னேற்றம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

போன செவ்வாய்க்கிழமை யாழிசைக்கு ஆறு வயதானது. வயதைக் கேட்டால் ஐந்து விரலைக் காட்டுகிறாள். இன்னொரு விரலையும் நீட்டச் சொன்னால், "அது சார்ட்ல இல்லம்மா" என்கிறாள். டீச்சர் வெரி குட் போடுகிறார்.

அதே வகுப்பில்தான் தாளாளரின் பேரனும் படிக்கிறான். அவனுடைய எண்கோடு மூன்றோடு நிற்கிறது. அவன் தாளாளர் ஆவான் என்று இயந்திரம் கணித்திருக்கிறது.