ஒட்டுப் படம்

“அண்ணே, இந்த ரெண்டு போட்டோவையும் ஒண்ணாக்கி, ஜோடியா நிக்கிற மாதிரி செஞ்சு குடுங்க. கார்டு அடிக்க இன்னிக்கே வேணும்” என்றாள் லோஷினி.

சிம்பாங் ரெங்கத்தில் போட்டோக் கடை வைத்திருக்கும் குணாளன் படங்களை வாங்கிப் பார்த்தான். ஒன்றில் நரைத்த மீசைக்காரர்; இன்னொன்றில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. இப்படி ஒட்டச் சொல்லி அவனிடம் வருவதெல்லாம் நினைவஞ்சலிப் படங்கள்தான்.

“சேர்ந்து ஒரு படம்கூட எடுக்கலியாம்மா?”

“இல்லண்ணே. அவ்வளவு கூச்சம்!”

“சொந்தக்காரங்க ஒத்தாசைக்கு இருக்காங்களா?”

“அத்தைங்க ஒருத்தரும் வரமாட்டாங்களாம். வராட்டிப் போகட்டும் லா! நான் படிச்சு வேலைக்குப் போறது எதுக்கு? எல்லாத்தையும் முறைப்படி நானே முன்னாடி நின்னு செய்வேன்.”

குணாளனுக்கு மனசு உருகிவிட்டது. கம்ப்யூட்டரில் இரண்டு படங்களையும் ஒட்டி, கேட்காமலே இருவருக்கும் மாலை போட்டான். பின்னால் வெள்ளை மேகங்களை மிதக்கவிட்டான்.

திரையைப் பார்த்த லோஷினி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து அவன் டிஷ்யூவை நீட்டினான். அவளோ வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“அப்பா! ரெண்டு பேரும் உள்ள வாங்க!”

படத்தில் இருந்த இருவரும் வாசலில் நின்ற காரிலிருந்து இறங்கி வந்தார்கள். “அலமாக்!” என்று பதறிப்போய்க் குணாளன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

“அடுத்த மாசம் எங்கப்பாவுக்கும் பவளம் ஆண்ட்டிக்கும் கல்யாணம்ண்ணே. தாலி கட்டறதுக்கு முன்னாடி பக்கத்துல நிக்க மாட்டாங்களாம்!”

பவளம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

“மாலை இருக்கட்டும் தம்பி, அழகா இருக்கு. மேகத்தை மட்டும் எடுத்திடுங்க. அங்க போக எங்களுக்கு இப்ப நேரமில்ல.”