தோட்டத்துக் காய்

ஜன்னலைத் திறந்த நாகலெட்சுமி அப்படியே நின்றுவிட்டாள்.

விடுதிக்காரரின் மனைவி பூமயில், கோணிப்பையிலிருந்து ஒரு பரங்கிக்காயை எடுத்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். தோட்டத்துக் கொடிக்கு அடியில் அதை வைத்து, மேலே நாலு இலையை இழுத்து மூடினாள். அப்புறம் கத்திரிக்காய்களைக் கூடையில் கொட்டி, இப்போதுதான் பறித்தவள் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் நாகலெட்சுமி.

அக்காள்மடத்தில், கடலோர மணல்மேட்டின் மேல் வரிசையாக ஓலைக் குடில்கள். குருநாதனும் பூமயிலும் நடத்தும் இயற்கை விடுதி அது. வாசலில் பலகை: 'எங்கள் தோட்டம், உங்கள் தட்டு.' மதுரையில் ஒரு பெண்கள் பத்திரிகைக்கு எழுதும் நாகலெட்சுமி, அந்தப் பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் கட்டுரை எழுத வந்திருந்தாள்.

வந்த அன்றைக்கு குருநாதன் அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டாத குறை.

"தண்ணி பாட்டில் உள்ள வரக் கூடாதும்மா. பானையில தண்ணி இருக்கு. ஷாம்பு பாக்கெட்டையும் குடுத்துருங்க, சீயக்காய் தாரேன். நீங்க குளிக்கிற தண்ணி நேரா செடிக்குத்தான் போகுது."

"ஃபேனாவது இருக்கா சார்?"

"கடல்காத்து இருக்கு. என்ன, அதை நிப்பாட்டத்தான் சுவிட்சு கெடையாது."

இவ்வளவு கறாரான மனுஷன் வீட்டிலா இந்தத் தில்லுமுல்லு?

காலைப் பலகாரம் முடிந்ததும் குருநாதன் விடுதியில் தங்கியிருந்த எல்லோரையும் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். இலையை விலக்கியவர் துள்ளாத குறையாகக் கூவினார்.

"அடேயப்பா! நேத்துக்கூட இங்கன ஒண்ணுமில்ல. உரம் கெடையாது, மருந்து கெடையாது. எல்லாம் மண்ணோட மகிமை!"

வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். பூமயில் தரையைப் பார்த்தாள். நாகலெட்சுமிக்கு நாக்கு துறுதுறுத்தது.

நேராக அடுப்படிக்குப் போனாள்.

"மண்ணோட மகிமையை விடியக்காலம் ஜன்னல் வழியாப் பார்த்தேன்மா. அதையும் சேர்த்துத்தான் எழுதப்போறேன்."

பூமயில் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, காய் நல்ல காய்க்கா. ஆர்.எஸ்.மங்கலத்துல எங்க அண்ணன் கூத்தையா மருந்தடிக்காம வெளைய வச்சது. சாயங்கால பஸ்ஸுல குடுத்து விடுது. இங்கன உப்புக்காத்துக்கு ஒரு பிஞ்சு நிக்க மாட்டேங்குது."

"அப்ப அந்த போர்டு?"

"அது அவுக ஆசை. மெட்ராசுல நல்ல வேலைய விட்டுட்டு இதுக்குன்னே வந்தாக. மொத வருசம் செடி பூராம் கருகிப் போச்சு. சோறு தண்ணி இல்லாம சொவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தாக. விடுதிய மூடிருவோம்னாக. எனக்குப் பயம் வந்துருச்சுக்கா. அண்ணன்கிட்ட நாலு கத்திரிக்காய் வாங்கியாந்து, நம்ம செடியில காய்ச்சதுன்னு காட்டுனேன். அன்னைக்குத்தேன் மனுசன் எந்திரிச்சு உக்காந்தாக."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எழுதி விடுதி போனா போகட்டும். அவுக மறுபடியும் படுத்துருவாகக்கா."

நாகலெட்சுமிக்கு வேகமெல்லாம் இறங்கிவிட்டது.

"சரி, எழுதலை. ஆனா உங்க வீட்டுக்காரர் இவ்வளவு அப்பாவியா இருக்காரே!"

"அது என்னமோ வாஸ்தவந்தேன்" என்று பூமயில் அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

மறுநாள் பஸ் ஏற்றிவிட குருநாதனே பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். விடுதி கண்ணுக்கு மறைந்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், ஒரு ஒதவி. கட்டுரையில தோட்டத்தப் பத்தி மட்டும் எழுதாதீக."

"ஏன் சார்? அருமையான தோட்டமாச்சே!" என்றாள் நாகலெட்சுமி, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"எங்க வீட்டுச் சுரைக்கொடியில பரங்கிக்காய் காய்க்குது. படிக்கிறவுக சிரிக்க மாட்டாகளா?"

நாகலெட்சுமி நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த மொத கத்திரிக்காயிலேயே தெரியும்மா. நம்ம செடியில பூவே வைக்கல, காய் எங்கேயிருந்து வரும்?"

"அப்புறம் எதுக்கு சார் இந்த நடிப்பு?"

குருநாதன் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"அவளுக்கும் அவ அண்ணனுக்கும் நெலம் பிரிச்சதுல மனத்தாங்கல். வருசக்கணக்கா பேச்சுவார்த்தை இல்ல. ஒரே பஸ்ஸுல வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உக்காருவாக. எனக்காக அந்த வீம்ப விட்டுட்டுப் போயி அண்ணன் வாசல்ல நின்னிருக்கா. இப்ப பாருங்க, தெனமும் போன்ல கிசுகிசுன்னு, 'அண்ணே, நாளைக்கு வெண்டிக்காய் கூடப் போட்டு விடுண்ணே'ங்குறா. போன பொங்கலுக்கு அவரு சீரு கொண்டு வந்தாரு. அண்ணனும் தங்கச்சியும் அழுத அழுகையப் பாக்கணுமே! எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா, அப்புறம் நேரா சந்தையில வாங்கிக்கிருவோம்னு ஆயி, அண்ணனுக்குப் போன் போடுறதும் நின்னுரும்ல?"

தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. நாகலெட்சுமிக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"சரி சார். என்னைக்காவது உங்க தோட்டம் நெசமாவே காய்ச்சுட்டா என்ன பண்ணுவீங்க?"

குருநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அது ரெண்டு வருசமா காய்க்கத்தாம்மா பாக்குது. அவ சாயங்காலம் மூட்டை வாங்கப் போனதும், பூத்த பூவையெல்லாம் நாந்தேன் கிள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கேன்."