உள்ளே இருக்கும் பெயர்

மருத்துவமனைக் கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறைந்துபோயின. ரத்த வங்கியில் எந்தப் பை எந்த வகை என்று தெரியாமல் நர்ஸுகள் அலைந்தார்கள். மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருந்த எமில்டா, தகவல்களையெல்லாம் தன்னிடம் வைத்திருந்த கிளவுட் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தாள். அந்தத் தகவல்களைச் சேமித்துத் தேடித்தரும் டேட்டாபேஸ் மென்பொருள், கல்யாணமான புதிதில் அவளும் கணவன் செல்வினும் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகவே கொடுத்தார்கள். எடுத்துக்கொண்ட கம்பெனி அதைத் தன் சர்வர்களில் ஏற்றி ஊருக்கெல்லாம் வாடகைக்கு விட்டது. செல்வின் இறந்த பிறகு அவள் சேர்ந்த இந்த மருத்துவமனையும் வாடகைக்குத்தான் எடுத்திருந்தது.

“என்னை உள்ள விடுங்க தம்பி, நானே சரிபண்றேன்.”

“கஸ்டமர் யாரையும் உள்ள விட மாட்டோம் மேடம். முழுப் பொறுப்பும் எங்களோடது.”

எழுதியதே நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சிரிப்பான் என்று விழுங்கிக்கொண்டாள். மறுமுனையில் விசைகள் தட்டப்படும் சத்தம் சட்டென்று நின்றது.

“என்னமோ புதுசா ஒரு எரர் வருது மேடம். இங்கிலீஷ் எழுத்துல தமிழ். ‘இவ்வளவு தூரம் உடைஞ்சிருந்தா என்னால ஆகாது. எமில்டாகிட்ட கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்.’”

செல்வின் இப்படி ஒரு வரியை உள்ளே விட்டுப்போனது அவளுக்கே தெரியாது. “தம்பி, அந்த எமில்டா…” என்று ஆரம்பித்தாள். அவன் முடிக்க விடவில்லை.

“லைன்லயே இருங்க மேடம். அந்தப் பேர்ல எங்க ஆபீஸ்ல யாராவது இருக்காங்களான்னு கேட்டுட்டு வரேன்.”