ஐந்தாவது கிளாம்ப்

மார்ச் 14, வியாழன். இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். ஐந்து கிளாம்ப் வாங்க வேண்டிய இடத்தில் நான்கு வாங்கினேன்.

நாட்குறிப்பில் இப்படி எழுதியவன் கணக்குப் போட்டுத்தான் வாங்கினான். அதுதான் வினை.

சாப்பாட்டு மேசை ஒன்றுக்குச் சட்டங்களைப் பக்கம் பக்கமாக வைத்து மேல்பலகை ஒட்ட வேண்டும். பட்டறை, அவன் மனதில் இருந்தவளுடையது. அங்கிருந்த கிளாம்ப்கள் எல்லாம் ஒரு பெரிய அலமாரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. புதிதாக வாங்கி வருகிற வேலையை அவன் வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன், தச்சுப் பட்டறையில் வேறு என்ன ஒத்தாசை செய்துவிட முடியும்?

கடையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஒல்லியானவை திருகை இறுக்கியதும் வில்லாக வளைந்தன. இரும்புக் குழாயில் மாட்டுகிறவை அசைந்து கொடுக்கவில்லை. தூக்கினால் கை கடுத்தது. இரண்டு தாடைகளும் நேருக்கு நேர் பதிகின்றனவா என்று நடுவே விசிட்டிங் கார்டைச் செருகிச் சோதித்தான்.

கடைக்காரர் கொட்டாவியை முடித்துவிட்டுக் கேட்டார்.

"நாலு போதுமா தம்பி? கிளாம்ப் மிச்சமாயிடுச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவந்ததில்ல."

போதும் என்றான். பலகை நான்கு முழம். முழத்துக்கு ஒன்று.

ஒரு முனையில் தொடங்கி முழத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டே போனால், மறுமுனையில் இன்னும் ஒன்று தேவைப்படும். இது பசை தடவிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாற்றி மாற்றி நான்கையும் இறுக்கிவிட்டுத் திரும்பிய அவள், கடைசி முனையைப் பார்த்தாள். இணைப்புகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கடை சாத்தும் நேரம் தாண்டியிருந்தது. பசை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. இனிக் கழற்றி மாட்டினால் பலகை பாழ்.

அவனை ஒரு பார்வை பார்த்தாள். விறுவிறுவென்று போய், பலகையின் இரண்டு ஓரங்களிலும் உள்ளங்கைகளைக் கொடுத்து நெருக்கினாள். இணைப்புகள் மூடிக்கொண்டன. பசை முத்து முத்தாகப் பிதுங்கியது.

இன்றைக்குக் கேட்டுவிடுவது என்றுதான் அவன் வந்திருந்தான்.

எத்தனையோ மாதங்களாக மாலை வகுப்பு. தினமும் கண்ணாடி முன்னால் ஒத்திகை. எப்போதும் பாதியில் சொல் பிசகிவிடும். அதிலும், முழக்கணக்கில் கோட்டை விட்டவனுக்கு இன்று கேட்க முகம் ஏது?

ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பலகையை விடாமல், தோள் குலுங்கச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் எதிரே போய் நின்று கேட்டேவிட்டான். என்னைக் கட்டிக்கொள்வாயா, எப்போது, உன் வீட்டில் முதலில் யாரிடம் பேச வேண்டும். மூன்றையும் வரிசைப்படி, ஒரே மூச்சில். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

சிரிப்பு நின்றது. அவள் கண்கள் விரிந்தன.



பதிலுக்காக அவன் காத்திருந்தான். வரிசையை மாற்றிக் கேட்டிருக்க வேண்டுமோ? வீட்டைப் பற்றி முதலில் கேட்டிருக்க வேண்டுமோ? காதுமடல் சுட்டது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை நீண்டது. அவள் அப்பா. உப்புத்தாளும் கையுமாக அவர் அங்கே இருந்ததையே மறந்துபோயிருந்தான்.

"டேய் அளவுகோலு! அவ ரெண்டு கையையும் பலகையில மாட்டிவிட்டுட்டு இப்படி மூணு கேள்வி கேட்டா, புள்ள எப்படிடா பதில் சொல்லும்?"

அவன் பாய்ந்துபோய் அவள் இடத்தில் நின்று, தன் கைகளைக் கொடுத்து நெருக்கினான்.

அவள் விரல்களில் ஒட்டியிருந்த பசையைத் துணியில் துடைத்தாள். அவசரமே படாமல், ஒவ்வொரு விரலாக.

பிறகு பேசத் தொடங்கினாள்.

பிறவியிலேயே காது கேளாதவள். பேச்சு முழுக்க அந்தக் கைகளில்தான். மாலை வகுப்பு ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். இவள் மழையாகக் கொட்டினாள். அவனுக்குப் பாதிதான் பிடிபட்டது. 'சரி' பிடிபட்டது. 'மண்டு' பிடிபட்டது. 'இவ்வளவு நாளாக' பிடிபட்டது. மறுபடியும் 'சரி'.

பதிலுக்குச் சொல்ல அவனிடம் ஆயிரம் இருந்தது. கைகள்தான் பலகையில் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பில், தப்புக்குக் கீழே எழுதினான்: நாளை வகுப்பில் 'மாமனார்' என்பதைக் கையால் எப்படிச் சொல்வது என்று கேட்க வேண்டும்.