திரும்பும்போது எத்தனை பேர்?

அரசு வீட்டுக்கு வீடு அளந்து கொடுக்கும் எரிபொருளில் போய்த் திரும்ப முடியும் என்று அதன் கணக்கில் தேறினால்தான் கார் கிளம்பும். மகளின் முதல் பொங்கல் சீருக்காக வருடம் முழுக்க மிச்சம் பிடித்திருந்தாள் யாழ்மொழி. வெண்கலப் பானை, அரிசி மூட்டை, கரும்புக் கட்டு எல்லாவற்றையும் ஏற்றி முடித்தார் அவள் கணவர் இசக்கிராஜா.

“திரும்பும்போது எத்தனை பேர்?” என்று கேட்டது கார்.

“மூணு பேர்,” என்றாள் யாழ்மொழி.

“எரிபொருள் போதாது. எடையைக் குறைக்கவும்.”

“ஏசி போட மாட்டோம். அறுபதுக்கு மேல ஓட்ட மாட்டோம்.”

“அதையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறேன்.”

இசக்கிராஜா சிரித்தார். “ரெண்டுன்னு சொல்லு புள்ள. மூணாவது யாரு?”

“நம்ம தென்றல்.” அவள் அரிசி மூட்டையை இழுத்துக் கீழே தள்ளினாள். “கொஞ்ச நாளா வீடியோவுல கைய முந்தானைக்குள்ளயே வச்சிருந்தால்லா? நேத்துதான் காட்டுனா. மாப்பிள்ளை சூடு வச்சிருக்கான்.”

அவர் சிரிப்பு நின்றது. “வெறுங்கையோட போயி நின்னா சம்பந்தி வீட்டுல என்ன சொல்லுவாக?”

“சொல்லட்டும். திரும்பையில வெறுங்கையோட வரமாட்டோம்லா?” கரும்புக் கட்டும் இறங்கியது.

“இப்போது போதும்,” என்றது கார்.

அவர் கார் கதவைத் திறந்தார். பிறகு காரிடம், “மூணு பேரோட, எம்புள்ளைக்குக் குடுத்தனுப்புன தையல் மிஷினும் வரும்,” என்றார்.

“எரிபொருள் போதாது.”

வெண்கலப் பானையை அவரே தூக்கி வாசலில் வைத்துவிட்டு வந்து, வண்டியில் ஏறினார்.